சோதனைப் பொத்தான்

"வாட்டர் ஹீட்டர் மட்டும்தான் மேகம்,
பழசக் கழட்டு, புதுச மாட்டு,
அரைமணி நேரம்.
எட்டு மணிக்கு எனக்கு பஸ்."
குளியலறை வாசலில் தேவகுமாரி.
முழங்கை மடிப்பில்
நேற்றைய ஷிப்டின் கையுறை மாவு.

புக்கிட் ரோத்தானில் பிற்பகல் மூன்றுக்கு
வானம் வழக்கம்போல் இருட்டிக்கொண்டு வருகிறது.
செம்பனை லாரியொன்று முச்சந்தியில்
ஒரு குலையைச் சிந்திவிட்டு நிற்காமல் போகிறது.

ஏணியை வெளியிலேயே சாய்த்துவிட்டு
மீட்டருக்குக் கீழே போனேன்.
"கோளாறு இங்கதானே, அங்க என்ன பாக்குற?"

பதில் சொல்லவில்லை. திருகாணியில் துரு.
மூடியைத் திறந்தால்
பல்லி முட்டையோடு இரண்டு,
சிவப்பும் கறுப்புமாய்ப் பழைய வயர்.
என் பையில் இருப்பதோ பழுப்பும் நீலமும்.
நிறம் மாறி வருஷமாயிற்று,
சுவருக்கு யாரும் சொல்லவில்லை.
பச்சை இல்லை. எங்கேயும் இல்லை.
மண்ணுக்கு இறங்க ஒரு வழி போட்டுவைக்காவிட்டால்
மின்சாரம் தானே தேடிக்கொள்ளும்:
ஷவர்க் குழாய், ஈரத் தரை,
நடுவில் யார் நின்றால் என்ன.

காவல் சுவிட்ச் விழுந்து கிடக்கிறது.
வீட்டில் விளக்கு எரிகிறது.

அதன் தலையிலிருந்து காலுக்கு
இரண்டு துண்டு வயர், சிவப்பொன்று கறுப்பொன்று.
நுனியில் மஞ்சள் டேப்
இடப்பக்கமாய் மூன்று சுற்று.

இடப்பக்கமாய்.

நான் இடக்கைக்காரன்.

பத்தொன்பது வயது அப்போது. சிஜில் கிடையாது,
சட்டைப் பையில் ஒரு டெஸ்ட் பென்.
தீபாவளிக்கு முந்தின ராத்திரி, இடி,
வீடு இருண்டு இருண்டு வெளிச்சமாகி
ஃப்ரிட்ஜில் நாலு கிலோ ஆட்டுக்கறி தண்ணீர் விட்டுக்கொண்டிருக்க
"ஏதாச்சும் செய்டா" என்றார் இவளுடைய மாமனார்.
செய்தேன். ஐந்தே நிமிஷம்.
பதினைந்து ரிங்கிட்டும் ஒரு தட்டு முறுக்கும்.
அதன்பின் பதினாறு வருஷம்
இந்தக் குளியலறையில் இரண்டு பிள்ளைகள்
சோப்பு நுரையோடு பாட்டுப் பாடியிருக்கிறார்கள்.

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி?"

ஹீட்டர மட்டும் மாத்த முடியாதுக்கா.
மண்வயர் இழுக்கணும்,
வாசலோரம் செம்புக் கம்பி அடிச்சு இறக்கணும்,
ஹீட்டருக்குத் தனியா
பத்து மில்லி ஆம்பியர்ல விழுற காவல்,
வீடு முழுசுக்கும் இன்னொண்ணு.
வீட்டுக் காவல இன்னிக்கே போட்டுடறேன்,
மத்தது நாளைக்கு.
அதுவரைக்கும் பச்சத் தண்ணி.

"கணக்க ஏத்துறியா நீ?"
காவலுக்குக் காசு வேணாம்.
"ஏன்?"

மெயினை இறக்கினேன். சோதித்தேன்.
இரண்டு துண்டையும் பிடுங்கி
அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
இது நான் போட்டதுக்கா.

மழை தகரத்தில் இறங்கியது.
அவள் அந்த டேப்பைப் பிரிக்கப் பார்த்தாள்,
பசை காய்ந்து நகத்தோடு வந்தது.
"அந்தத் தீபாவளியா?"
ஆமா.
நெடுநேரம் கழித்து,
"கறி நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.
இன்னும் கொஞ்சம் கழித்து,
"நாளைக்கு எத்தன மணிக்கு வருவ?"

மறுநாள் மாலை
எல்லாம் இறுக்கி, மூடி போட்டு,
சோதனைப் பொத்தானை அழுத்தினேன்.
டப்.
விசிறி சோர்ந்தது.
டிவி நாடகத்தில் அழுதுகொண்டிருந்தவள்
பாதி அழுகையில் நின்றுபோனாள்.
உள்ளேயிருந்து பெரிய பையன்
கெட்ட வார்த்தையில் கத்தினான்.
கத்தட்டும். நன்றாகக் கத்தட்டும்.

மாதம் ஒருமுறை அழுத்தச் சொன்னேன்.
காலண்டரில் ஒவ்வொரு ஒன்றாம் தேதியையும்
சிவப்பில் வட்டமிட்டாள்.

அந்த வருஷம் இந்த லோரோங்கில்
எத்தனை வீட்டுக்குக் கைவைத்தேன்?
ஏழா, ஒன்பதா?
முறுக்குத் தட்டுகள்தான் நினைவிருக்கின்றன.

ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு
பக்கத்து வீட்டுக் கேட்டைத் தட்டினேன்.
"இங்க ஒண்ணும் கோளாறு இல்லையே,
லைட்டெல்லாம் நல்லாத்தானே எரியுது?"
என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.